முதலாளி ஊரில் இல்லாத நாள்

ஊழியரின் சிரத்தையையும் ஸ்தாபனத்தின் செழிப்பையும் தலைமையின் சுபாவம் எவ்வாறு உருவாக்குகிறது? பிழைப்புக்காகப் பிள்ளைகளை வெளியூர் அனுப்பிப் பழகிய பொம்மிடிப் பிரதேசத்தை முன்னிட்டு ஒரு விசாரணை.

சேர்வராயன் மலையின் வடபுற அடிவாரத்தில், மொரப்பூருக்கும் சேலத்துக்கும் இடையே செல்லும் ரயில் பாதையின் ஓரமாக, வெற்றிலைக் கொடிக்கால்களும் மரவள்ளிக் காடுகளும் சூழ அமைந்திருக்கும் பொம்மிடி, தருமபுரி மாவட்டத்தின் பெரிய ஊர்களுள் ஒன்றாக எண்ணப்படுவதில்லை. எனினும், மழையை நம்பி உழுது, மழை பொய்த்த ஆண்டுகளில் வெளியூரை நம்பிப் புறப்படும் சுற்றுக் கிராமங்களின் ஜீவிதத்தில் இந்த ஊரின் ரயில் நிலையத்துக்கு ஒரு தனி ஸ்தானம் உண்டு. திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும், கோயம்புத்தூரின் பட்டறைகளுக்கும், சென்னையைச் சுற்றிய ஆலைகளுக்கும் பிள்ளைகள் இங்கிருந்தே ரயிலேறுகிறார்கள். ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகிறவர்கள் தருமபுரி சென்று பேருந்து பிடிக்கிறார்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ அவர்கள் ஊர் திரும்பும்போது, வீட்டுப் பெரியவர்கள் முதலில் சம்பளத்தைக் கேட்கிறார்கள், அடுத்தபடியாக, "மேலே இருக்கிற ஆள் எப்படி?" என்று கேட்கிறார்கள்.

இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் விடையைக் கொண்டே, அந்தப் பிள்ளை பண்டிகை முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அதே வேலைக்குத் திரும்புவானா, அல்லது வேறு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிக்கத் தொடங்குவானா என்பதைப் பெரியவர்கள் ஊகித்துவிடுகிறார்கள். நிர்வாக சாஸ்திரம் என்ற பெயரில் மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக ஆராய்ந்துவரும் விஷயமும் இதுவே: தலைமை வகிப்பவரின் நடத்தை, அவருக்குக் கீழே வேலை செய்வோரின் மனத்தில் எத்தகைய பற்றை உண்டாக்குகிறது, அந்தப் பற்று ஸ்தாபனத்தின் காரிய சித்திக்கு எவ்வளவு தூரம் உதவுகிறது என்பது.

துண்டுச் சீட்டின் பலம்

பற்று என்பது எல்லாக் காலத்திலும் அன்பினால் விளைவதன்று என்பதற்கு நம்மவர் சரித்திரத்திலேயே சான்று இருக்கிறது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-ஆம் ஆண்டில். அதற்கு முன் இது சேலம் ஜில்லாவின் பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பஞ்சமும் கடனும் துரத்த, திருச்சிராப்பள்ளி, மதுரை முதலிய ஜில்லாக்களிலிருந்து போனதுபோலவே சேலம் ஜில்லாவிலிருந்தும் ஏழைக் குடும்பங்கள் இலங்கையில் கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் போயின. அவர்களை அழைத்துச் சென்றவர் கங்காணி. அவர் அன்னியர் அல்லர். பெரும்பாலும் அதே சுற்றுவட்டாரத்தவர், பல வேளைகளில் உறவினர். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவர் அவர். தோட்டத்தில் சண்டை வந்தால் மத்தியஸ்தம் செய்தவர் அவர். நோய் கண்டாலும் சாவு நேர்ந்தாலும் முன் நின்றவரும் அவரே. காலையில் பெரட்டுக் களத்தில் தம் ஆட்களைக் கணக்குக் காட்டி, வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு பெற்றவரும் அவரே.

முன்பணம் கடனாயிற்று, கடன் தீராமல் வளர்ந்தது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக விரும்பிய தொழிலாளி, தன் கடன் இன்னதென்றும் அது செலுத்தப்பட்டால் அவனை விடுவிக்கத் தடையில்லை என்றும் தோட்டத்தை நடத்தும் துரை எழுதித் தரும் 'துண்டு' என்ற சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். அது இல்லாதவனை வேறு துரை சேர்த்துக்கொள்ள மாட்டார். 1921-ஆம் ஆண்டில் இலங்கைச் சட்டத்தினால் ஒழிக்கப்படும் வரையில் இந்தத் துண்டு முறை நிலவியது. வெளிப்பார்வைக்கு அந்தத் தோட்டங்களைக் காட்டிலும் ஊழியர் நிலைத்து நின்ற ஸ்தாபனம் உலகில் வேறு இராது. ஆனால் அந்த நிலைப்பைக் காப்பாற்றுவதற்குத் துரை, கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி என்று காவல்மேல் காவலாக ஓர் அடுக்கே வேண்டியிருந்தது. தொழிலாளியின் கை தோட்டத்துக்குக் கிடைத்தது; அவனுடைய யோசனை கிடைக்கவில்லை, அதை ஒருவரும் கேட்கவும் இல்லை.

பழங்கதை என்று இதை ஒதுக்கிவிடுவதற்கில்லை. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் சிலவற்றில், ஏழைக் குடும்பங்களின் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்து, காலம் முடிந்த பிறகே மொத்தத் தொகை தரப்படும் என்று சொல்லி வைத்திருந்த 'சுமங்கலித் திட்டம்' பெரும் கண்டனத்துக்கு உள்ளானதைப் பலரும் அறிவர். படிப்புச் சான்றிதழ்களை வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொண்டு வேலை கொடுக்கும் முதலாளிகளும் அதே கங்காணியின் வழித்தோன்றல்களே. ஆளைப் பிடித்து வைத்திருப்பதையே ஆளின் விசுவாசமாக எண்ணி மயங்குகிறவர்கள் இவர்கள்.

ஆலைக்குச் சூட்டிய பெயர்

பொம்மிடி அடங்கிய பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில், கோபாலபுரத்தில், கரும்பு விவசாயிகளின் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்று இருக்கிறது. அதற்குச் சூட்டப்பட்டுள்ள பெயர், தமது கடைசி நாட்களை இம்மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் கழித்து, 1925-ஆம் ஆண்டு ஜூலை 23-இல் அங்கேயே மறைந்த தேசபக்தர் சுப்பிரமணிய சிவாவினுடையது. அவருடைய பெயர் ஓர் ஆலைக்கு அமைந்தது மிகவும் பொருத்தமே. ஏனெனில், 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில்லின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சிதம்பரம் பிள்ளையோடு அவர்களுக்குப் பக்கபலமாக நின்று பேசியவர் சிவா.

அந்தத் தொழிலாளர் கேட்டவை மிகச் சாதாரணமானவை: கூலியில் உயர்வு, வாராந்தர ஓய்வு, மனிதருக்குரிய நடத்தை. ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின், ஆலையை நடத்திய ஹார்வி கம்பெனியார் இறங்கிவந்து, கூலியை உயர்த்தவும் விடுமுறை அளிக்கவும் சம்மதித்தனர். தேசிய எழுச்சியின் அத்தியாயமாகவே இந்நிகழ்ச்சி நம் புத்தகங்களில் இடம்பெறுகிறது. நிர்வாகத்தைப் பற்றிய பாடமாகவும் இதைப் படிக்கலாம். ஆலைக்கு உள்ளே தங்கள் குறையைக் காது கொடுத்துக் கேட்க ஒருவரும் இல்லை என்று கண்ட ஜனங்கள், ஆலைக்கு வெளியே நின்று கேட்ட வக்கீல் ஒருவரையும் பிரசங்கி ஒருவரையும் தங்கள் தலைவர்களாக வரித்துக்கொண்டார்கள். சம்பளம் தருபவருக்குத் தானாகவே வந்து சேரும் உடைமை என்று விசுவாசத்தை எண்ணியிருந்தவர்களுக்கு, அது கேட்பவரிடம் போய்ச் சேரும் என்பதைத் தூத்துக்குடி காட்டிற்று.

மூவகைப் பற்று

ஊழியர் ஸ்தாபனத்தோடு ஒட்டியிருப்பதை மூன்று வகையாகப் பிரித்து 1991-ஆம் ஆண்டில் ஜான் மேயர், நேட்டலி ஆலன் என்ற கனடா நாட்டு உளவியலாளர் இருவர் விளக்கினர். விட்டுப்போனால் நஷ்டம் என்பதற்காக ஒட்டியிருப்பது ஒன்று. விட்டுப்போவது நன்றி மறந்த செயலாகும் என்ற கடமையுணர்ச்சியால் ஒட்டியிருப்பது மற்றொன்று. அந்த வேலையிலும் ஸ்தாபனத்திலும் மனம் தோய்ந்து, விரும்பியே ஒட்டியிருப்பது மூன்றாவது. துண்டுச் சீட்டு முதல்வகைப் பற்றை உண்டாக்கிற்று. கங்காணியின் உறவுமுறை இரண்டாம் வகையையும் அதனோடு சேர்த்து முடிந்தது. மூன்றாம் வகைப் பற்றை எந்தச் சீட்டினாலும் எழுதி வாங்க முடியாது. வேலையைச் செவ்வையாகச் செய்வதோடு நெருங்கிய தொடர்புடையதாகப் பின்வந்த ஆராய்ச்சிகள் கண்டதும் இந்த மூன்றாம் வகையையே.

அதைத் தலைமை எவ்வாறு உண்டாக்குகிறது என்பதற்கு, இன்னும் பழைய ஆராய்ச்சி ஒன்று உதவுகிறது. 1939-ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆராய்ச்சியில், கர்ட் லெவின் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்கள் லிப்பிட், ஒயிட் என்பவர்களும், அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் பத்து வயதையொட்டிய சிறுவர்களைச் சிறு சங்கங்களாகச் சேர்த்து, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்து, ஒவ்வொரு சங்கத்துக்கும் வெவ்வேறு சுபாவமுள்ள தலைவரை அமர்த்திப் பார்த்தார்கள். ஒருவகைத் தலைவர் எல்லாவற்றையும் தாமே தீர்மானித்துக் கட்டளையிட்டார். மற்றொருவகையினர் சிறுவர்களோடு கலந்து யோசித்து முடிவெடுத்தார். மூன்றாம் வகையினர் எதிலும் தலையிடாமல் இருந்துவிட்டார். கட்டளைத் தலைவரின் கண்ணெதிரே வேலை மும்முரமாகவே நடந்தது. அவர் அறையை விட்டு வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசும் தலைவரின் சங்கத்தில், அவர் வெளியே போனபோதும் வேலை ஏறக்குறைய அதே கதியில் நடந்துகொண்டிருந்தது. தலையிடாத தலைவரின் சங்கத்தில் அவர் இருந்தபோதே காரியம் சோபிக்கவில்லை. ஆகவே, அதிகாரத்தைக் கைவிடுவதும் அதைப் பகிர்ந்துகொள்வதும் ஒன்றல்ல என்பதும் விளங்கிற்று.

முதலாளி ஊரில் இல்லாத நாளில் பட்டறை எப்படி நடக்கிறது என்று பார்த்தாலே அவருடைய தலைமையை எடைபோட்டுவிடலாம் என்பது, சிறுவர்களின் முகமூடிகளிலிருந்து கிடைத்த இந்தப் பாடத்தின் சாரம். குறளின் பொருட்பாலிலும் இதற்கு இசைவான ஒரு முறைமை உண்டு; ஆளை ஆராய்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரம், தெளிந்த பின் வேலையை அவனிடம் ஒப்படைப்பதற்கு அடுத்த அதிகாரம் என்று வகுத்துச் சென்ற வள்ளுவர், சில அதிகாரங்கள் தள்ளிக் கொடுங்கோன்மையையும், பிறர் அஞ்ச நடத்தலின் தீமையையும், கண்ணோட்டத்தையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்.

ஓசூரின் கடிகாரம்

2004-ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரையில் ஓசூர் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே, டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமாகிய டிட்கோவும் கூட்டாக 1984-ஆம் ஆண்டில் தொடங்கிய டைட்டன் கடிகாரக் கம்பெனியின் கதை, நம் விஷயத்துக்கு மிகவும் இயைந்தது. முதல் மேலாண்மை இயக்குநராயிருந்து 2002-ஆம் ஆண்டு வரை அதனை நடத்திய செர்க்ஸஸ் தேசாயும் அவருடைய சகாக்களும், வேறு ஆலைகளில் பழகிய கைகளைத் தேடிப் போகாமல், சிற்றூர்ப் பள்ளிகளில் மேனிலைப் படிப்பை முடித்த பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய பாகங்களைக் கையாள வேண்டிய வேலை. வந்தவர்களோ, வீட்டைப் பிரிந்து இருந்தறியாத பிள்ளைகள். தொழிலைப் பயிற்றுவித்ததோடு நில்லாமல், அவர்களுக்குப் பெற்றோர் ஸ்தானத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஊரில் குடும்பங்களை ஏற்பாடு செய்யும் அளவுக்கு நிர்வாகம் சிரத்தை கொண்டது. உடற்குறையுள்ளவர்களையும் தொடக்க காலம் முதலே வேலைக்கு அமர்த்தியது.

இவையெல்லாம் பரிவைக் காட்டும். ஆனால் பரிவு மட்டுமே கங்காணியிடமும் ஓரளவு இருந்ததல்லவா? வேறுபாடு எங்கே என்பதை, 1994-ஆம் ஆண்டையொட்டித் தேசாய் தம் எஞ்சினீயர்களிடம் விட்ட ஒரு சவாலில் காணலாம். உலகிலேயே மிக மெல்லியதும், அதே சமயம் தண்ணீர் புகாததுமான கைக்கடிகாரம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்றார் அவர். கடிகாரத் தொழிலின் தாயகமாகிய சுவிட்சர்லாந்திலிருந்து கை கொடுப்பார் இல்லாத நிலையில், ஓசூரில் இருந்தவர்களே பல ஆண்டுகள் முயன்று, தோற்று, மறுபடியும் முயன்று, 1.15 மில்லிமீட்டர் கனமுள்ள இயந்திரத்தைச் சமைத்து, 3.5 மில்லிமீட்டர் கனத்தில் முழுக் கடிகாரத்தையே அமைத்தார்கள்; 'எட்ஜ்' என்ற பெயரில் 2002-இல் அது கடைக்கு வந்தது. ஏறக்குறைய எட்டாண்டுக் காலம் பலன் காணாத ஒரு பிரயாசைக்கு இடம் கொடுத்து, "இன்னும் ஆகவில்லையா?" என்று கழுத்தைப் பிடிக்காமல் காத்திருப்பதற்கு, ஊழியரின் புத்தியில் நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையைக் காட்டும் தலைவருக்கே மூன்றாம் வகைப் பற்று வாய்க்கிறது.

இதே ஊரில், மைராடா என்ற தொண்டு ஸ்தாபனத்தின் துணையோடு மகளிர் குழுக்களிலிருந்து எழுந்த 'மெடோ' என்ற அமைப்பையும் இங்கே நினைக்க வேண்டும். கடிகாரச் சங்கிலிகளைப் பொருத்தும் வேலையை டைட்டன் அவர்களிடம் ஒப்படைத்தது. கிராமத்துப் பெண்கள் கூலியாட்களாக அன்றி, அந்த அமைப்பை நடத்துகிறவர்களாகவே அந்த வேலையை ஏற்றார்கள்.

ஓசூர் முழுவதும் சுமுகமாகவே இருந்தது என்று எண்ணிவிடலாகாது. 1980-இல் மொபெட்டோடு உதயமான டி.வி.எஸ். தொழிற்சாலை, 1990-ஐ ஒட்டிய காலத்தில் தொழிலாளர் பிணக்கு முற்றி, மாதக்கணக்கில் கதவடைப்புக்கு உள்ளாயிற்று. அதே நிர்வாகத்தின் கீழ், வேணு சீனிவாசன் தலைமையில், தரத்தைக் காக்கும் பொறுப்பை மேற்பார்வையாளரின் கையிலிருந்து இயந்திரத்தருகே நிற்கிறவரின் கைக்குக் கொண்டுவரும் ஜப்பானிய முறை பின்பற்றப்பட்டு, 2002-ஆம் ஆண்டில் டெமிங் பரிசும் கிடைத்தது. பிணக்கு வந்த ஆலையில் பற்று மீண்டும் முளைக்காது என்பதில்லை. ஆனால் அதற்கு, கீழே இருப்பவரின் யோசனையைக் கேட்கும் பழக்கம் நாள்தோறும் நடக்கும் காரியமாக மாற வேண்டியிருந்தது.

சிரத்தை மட்டும் போதாத இடம்

இவ்வளவையும் கேட்டு, ஊழியரின் மனத்தை வென்றுவிட்டால் லாபம் தானே வந்து குவியும் என்று ஒருவர் முடிவு கட்டுவாராயின், அவர் ஓசூரிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் பெங்களூரையும் பார்க்க வேண்டும். 1961-ஆம் ஆண்டில் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு அங்கே எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை எழுந்தது. கல்யாணத்துக்கும் பரீட்சையில் தேறியதற்கும் எச்.எம்.டி. கடிகாரத்தைப் பரிசளிப்பது நம் குடும்பங்களில் வழக்கமாயிருந்தது. அதன் தொழிலாளர் திறமையிலும் பெருமிதத்திலும் எவருக்கும் சளைத்தவரல்லர். மின்கலத்தால் இயங்கும் குவார்ட்ஸ் கடிகாரத்தை எண்பதுகளின் தொடக்கத்திலேயே அக்கம்பெனி வெளியிட்டும், சாவி கொடுக்கும் கடிகாரத்தையே பெரிதும் நம்பி, வாங்குவோரின் ரசனை மாறியதை உரிய வேளையில் கணிக்காமற் போயிற்று. ஆண்டுக்கு ஆண்டு நஷ்டம் ஏறி, 2016-இல் அந்தக் கடிகாரக் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்தது.

ஊழியரின் பற்று, சரியான திசையில் செல்லும் ஸ்தாபனத்தின் வேகத்தைக் கூட்டும். திசையைத் தேர்வது தலைமையின் பொறுப்பு. விற்பனைக் கடையில் வாடிக்கையாளர் எதைக் கேட்டு எதை ஒதுக்குகிறார் என்பது அங்கே நிற்கிறவருக்கு நாள்தோறும் தெரியும். அந்தச் செய்தி மேலே ஏறிச் செல்ல வழி இருக்கிறதா என்பதே கேள்வி. உத்தரவு இறங்கி வருவதற்கு மட்டும் படிக்கட்டு அமைத்து, உண்மை ஏறிச் செல்ல வழி வைக்காத ஸ்தாபனம், விசுவாசமான ஊழியரோடு சேர்ந்தே மூழ்கும்.

சித்தேரி மலைக்கு அப்பால்

லாபம் என்ற சொல்லே இல்லாத ஒரு ஸ்தாபனத்திலும் இந்த நியாயம் செல்லுமா? பொம்மிடியிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வழியாகக் கிழக்கே சென்றால், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு வரும். மலையாளி என்ற பழங்குடி மக்களும் லம்பாடிகளும் வாழும் அவ்விடத்துக்கு, காந்திகிராமத்தில் பணிபுரிந்திருந்த டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா என்ற தம்பதிகள் 1993-ஆம் ஆண்டில் வந்து, ஒரு கூரைக் கொட்டகையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது அங்கே ஆயிரம் குழந்தைகள் பிறந்தால், முதற்பிறந்த நாளைக் காணாமல் இறந்தவை நூற்று நாற்பதுக்கு மேல்.

நகரத்துச் செவிலியரை அந்தக் காட்டுக்கு அழைத்துவர அவர்களால் இயலவில்லை. அதற்கேற்ற சம்பளமும் அவர்களிடம் இல்லை. ஆகவே, பள்ளிப் படிப்பை முழுவதும் முடித்திராத உள்ளூர்ப் பெண்களையே சேர்த்து, பிரசவம் பார்க்கவும், அறுவை அறையில் உதவவும், கிராமம் கிராமமாகச் சென்று கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் கவனிக்கவும் பழக்கினார்கள். டாக்டர் உடன் இல்லாத மலைக் குடிசையில், இந்தத் தாயை இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமா, பொறுத்துப் பார்க்கலாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவள் அந்தப் பெண்ணே. அந்த அதிகாரம் அவளிடம் விடப்பட்டது. சிசு மரணம் காலப்போக்கில் ஆயிரத்துக்கு இருபதை ஒட்டிய அளவுக்கு இறங்கியது. வைத்தியத்தோடு தொடங்கிய பழக்கம் பிற துறைகளுக்கும் பரவி, இயற்கை வேளாண்மை செய்யும் உழவர்களின் சங்கமும், மறைந்துகொண்டிருந்த லம்பாடித் தையற்கலையை மீட்ட 'போர்கை' என்ற பெண்கள் அமைப்பும் தோன்றின. அவற்றை அந்த ஜனங்களே நடத்துகிறார்கள்.

சம்பளத்தைக் கொண்டு அளந்தால் இந்தப் பெண்களின் சிரத்தைக்கு விளக்கம் கிடைக்காது. ஒரு பெண் எடுத்த முடிவினால் ஓர் உயிர் பிழைத்தது என்பதை அவளே நேரில் காண்கிறாள். தன் ஊரில், தன் உறவில், தன் கண்முன்னே காண்கிறாள். வேலையின் பலனுக்கும் செய்தவளுக்கும் நடுவே எவரும் வந்து நின்று புகழைத் தட்டிக்கொள்ளாதபடி இருந்ததே அந்தத் தம்பதிகளின் தலைமைத் திறம்.

கொடிக்காலின் நிழல்

பொம்மிடிப் பக்கத்து உழவர்களுக்குத் தலைமையின் அளவை விளக்க அயோவா வரை போக வேண்டியதில்லை. கொடிக்காலில் அகத்தியை நட்டு, அதன்மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றுகிறார்கள். நிழல் இல்லாவிட்டால் கொடி வாடும், நிழல் மிஞ்சினாலோ நோய் கண்டு அழுகும். ஆகையால் அகத்தியின் கிளைகளைக் கழித்துக்கொண்டே இருக்கிறார்கள். அதிகாரமும் அப்படியே அளவாகக் கழிக்கப்பட வேண்டியது. கழிக்கும் வேலையைத் தலைவரே தம் கையால் செய்துகொள்ள வேண்டியிருப்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

அரிசி ஆலையோ, தையற்கூடமோ, தனியார் பள்ளியோ, சிறு மருத்துவமனையோ நடத்துகிறவர்களுக்கு, பெரிய கம்பெனிகளின் உபாயங்கள் தங்களுக்குப் பொருந்தா என்ற எண்ணம் இருக்கலாம். சாவிக்கொத்தையும் செக்குப் புத்தகத்தையும் தம் இடுப்பை விட்டு அகற்றாத முதலாளிகள் பலர், ஆள் நிற்பதில்லை என்றும் இக்காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசம் இல்லை என்றும் குறைப்படுவதை எங்கும் கேட்கலாம். இயந்திரத்தின் சத்தம் மாறினால் எவரையும் கேளாமல் அதை நிறுத்தும் உரிமை அதன் அருகில் நிற்பவனுக்கு உண்டா? ஓர் உத்தரவுக்குக் காரணம் கேட்டால், கேட்டவன் மறுநாளும் அதே மரியாதையோடு நடத்தப்படுகிறானா? ஒருவன் நல்ல எண்ணத்தோடு எடுத்த முடிவு தவறிப்போனால், நஷ்டத்தை முதலாளி தம் கணக்கில் எழுதிக்கொள்கிறாரா, அவன் சம்பளத்தில் பிடிக்கிறாரா? இவற்றுக்கு நேர்மையாக விடை சொல்லிப் பார்ப்பதற்குப் பெரிய மூலதனம் தேவையில்லை.

இதில் மற்றொரு நெடுங்கால லாபமும் அடங்கியிருக்கிறது. திருப்பூரிலும் ஓசூரிலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்துச் சிறு மூலதனம் சேர்த்தவர்களில் சிலர் ஊர் திரும்பித் தாமே நாலைந்து தையல் இயந்திரங்களைப் போட்டோ, ஒரு லேத்துப் பட்டறை வைத்தோ முதலாளிகளாகிறார்கள். தொழிலைக் கற்ற இடத்திலேயே ஆளை நடத்தும் விதத்தையும் அவர்கள் கற்றிருக்கிறார்கள். வசவு வாங்கி வளர்ந்தவர் வசவையும், கலந்து பேசப்பெற்று வளர்ந்தவர் கலந்து பேசுவதையும் தம்மோடு கொண்டுவருகிறார்கள். ஆகவே, இன்று தம் பட்டறையில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை அதட்டவோ ஆலோசனை கேட்கவோ போகும் முதலாளி, அவனுக்குக் கீழே நாளை வேலை செய்யப்போகும் பத்துப் பேருடைய ஜீவிதத்தையும் அந்தக் கணத்திலேயே நிர்ணயிக்கிறார் என்பதை எண்ணிச் செய்வது நல்லது.